குண்டு விழும்வரை தாமதம்

அன்று ரயில் கடவையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் அக்கா சிவமணி. மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு மரியதாஸ். நறுவிலிக்குளத்தில் இருந்து சின்ன உழவு மெசினில் நெல் மூட்டை ஏற்றி வந்த லான்ட்மாஸ்டர்காரர். மறிச்சுக்கட்டியில் இருந்து ஆடு வாங்க வந்த ஒரு முஸ்லிம் நானா. அவர் வாங்கிய இரண்டு ஆடு. இறக்கிவிட்ட தடிக்கு அந்தப் பக்கம், செம்மஞ்சள் அங்கியும் தொப்பியும் கையில் கூட்டுகிற தும்புத்தடியுமாக, ஜங்ஷன் அண்ணை.

ஜேர்மனியில் ஒரு ரயில் சந்தி இருக்கிறது. அதன் சரித்திரம் ஜேர்மன்காரரைவிட எங்கள் ஊராருக்குத்தான் கூடத் தெரியும். உலகத்தில் வேறு எந்த ஊருக்கும் இந்தப் பெருமை கிடையாது. நாங்கள் கேட்டு வாங்கியதும் இல்லை. ஜங்ஷன் அண்ணை தந்தார். நாங்கள் ஓட முடியாமல் வாங்கிக்கொண்டோம்.

அந்தச் சந்தியின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதக் கையும் வராது. சந்தி என்றே எழுதுகிறேன். அவருடைய சொந்தப் பெயரும் அப்படித்தான். கடவுச்சீட்டில் இருக்கும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் ரயில் கடவைக் காவல். முந்தின ஸ்டேஷனில் இருந்து வண்டி வெளிக்கிட்டால் போன் வரும். தடியை இறக்குவேன். வண்டி போனால் தூக்குவேன். பச்சைக் கொடி ஒன்று, சிவப்புக் கொடி ஒன்று. வேலை அவ்வளவுதான்.

தடி இறங்கினால் ஒருவரும் போக முடியாது. இதை ஜங்ஷன் அண்ணை வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்தார்.

"நேரம் இருக்குத்தானே" என்று தொடங்கினார்.

நேரம் இல்லை என்று மரியதாஸ் சொன்னான். மீன் கெட்டுவிடும் என்றான். ஜங்ஷன் அண்ணை அதைக் காதில் போடவில்லை. முதலில் அங்கே ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்ததாம். இரண்டு ராசாக்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதை போட்டார்கள். இரண்டும் அந்தத் தோட்டத்தில் வந்து முட்டியது. ஒரு ராசாவும் மற்றவரின் ஸ்டேஷனுக்குள் கால் வைக்க மாட்டாராம். ஆகவே ஒரே தோட்டத்தில் இரண்டு ஸ்டேஷன். இரண்டு மணிக்கூடு. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டும். ஒரு ராசாவின் வண்டியில் எட்டு மணிக்கு வந்து இறங்கினவர், தண்டவாளத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்தால் எட்டு ஆக இன்னும் பத்து நிமிடம் இருக்கும்.

"அப்ப அவருக்குப் பத்து நிமிசம் லாபம்" என்றார் நானா.

"திரும்பிப் போகேக்க நட்டம்" என்றார் ஜங்ஷன் அண்ணை.

அப்போது வண்டி வந்துவிட்டது. அது போனதும் தடியைத் தூக்கினேன். ஒருவரும் நகரவில்லை. தோட்டக்காரனுக்கு என்ன நடந்தது என்று லான்ட்மாஸ்டர்காரர் கேட்டார். பின்னேரம் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஜங்ஷன் அண்ணை கூட்டப் போய்விட்டார். லான்ட்மாஸ்டர்காரர் பின்னேரமும் வந்தார். மூட்டை இல்லாமல் வந்தார்.

ஜங்ஷன் அண்ணை சின்ன வயதில் இந்தப் பக்கத்தில் இருந்து போனவர். பிரச்சினை தொடங்கிய காலம். அந்தச் சந்தியில் பிளாட்போம் கூட்டுகிற வேலை கிடைத்தது. கிழவனாகும்வரை கூட்டினார். கடைசியில் கூட்டுவதற்கு ஒரு மெசின் வந்ததாம். மெசினுக்கு மூலை முடுக்குக் கூட்டத் தெரியாது என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கறுக்கும். மற்றவர்கள் காணி பார்க்க ஊருக்குத் திரும்பி வந்தார்கள். இவர் தண்டவாளம் திரும்பப் போட்டாயிற்று என்று கேள்விப்பட்டு வந்தார்.

வந்த முதல் நாளே எங்கள் தரிப்பிடத்தைக் கூட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத இடம் அது. ஒரு கொட்டகை. இருக்க ஒரு வாங்கு. ஆட்டுப் புழுக்கை. ஒரு கிழமையில் வாங்கில் முகம் பார்க்கலாம் போல ஆக்கிவிட்டார். பிறகு பிளாட்போம் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டார். வண்டி வரும் முன் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜேர்மன் மொழியில் ஏசுவார். ஆடுகள் இரண்டு நாளில் பழகிவிட்டன. ஆட்களுக்கு ஒரு மாதம் எடுத்தது.

எங்கள் தரிப்பிடத்தின் சரித்திரம் என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு பெயர்ப் பலகை இருந்தது. சண்டையில் போய்விட்டது. தண்டவாளத்தைக் கழற்றி பங்கருக்குப் போட்டார்கள். பிறகு புதிதாகப் போட்டார்கள்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"எங்கட சந்தியில ஒரு கக்கூசுக்கே இதைவிடப் பெரிய சரித்திரம் இருக்கு, தங்கச்சி."

அவர் பொய் சொல்லவில்லை. இருந்தது. அந்தக் கக்கூசு சரித்திரமும் எங்களுக்குத் தெரியும். இரண்டு ராசாக்களும் போன பிறகு இரண்டு ஸ்டேஷனையும் இடித்து ஒன்றாகக் கட்டினார்கள். இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை. காத்திருக்கும் அறை நாலு. பணக்காரருக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று, கோழிக்கூட்டோடு வருபவருக்கு ஒன்று. பிறகு சண்டை வந்தது. குண்டு விழுந்தது. கூரை போனது. நாலு அறையும் போனது. கக்கூசு மட்டும் தப்பியது. டிக்கெட் கொடுக்கிறவர் ஒரு வருடம் அதற்குள் இருந்துதான் டிக்கெட் கொடுத்தாராம். பெண்கள் வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றித் திரும்பக் கட்டினார்கள். அப்படிக் கல் மாற்றின ஒரு கிழவியே இவருக்குப் பிளாட்போமில் இருந்து இதைச் சொன்னாவாம்.

தினமும் தொடக்கத்தில் இருந்துதான் சொல்வார். நடுவில் தொடங்க மாட்டார். வண்டி வந்ததும் நிறுத்துவார். ஆகவே வண்டி நேரத்துக்கு வந்தால் உருளைக்கிழங்குத் தோட்டம்தான். ஐந்து நிமிடம் பிந்தினால் இரண்டு மணிக்கூடு. பாதையில் மாடு படுத்திருந்து கால் மணித்தியாலம் பிந்தினால் குண்டு விழும். ஊர் ஆட்கள் மணிக்கூடு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

"இண்டைக்கு வண்டி எவ்வளவு லேற்?"

"குண்டு விழுமட்டும்."

இப்படித்தான் பேசினார்கள். மரியதாஸ் சந்தைக்குப் பிந்திப் போய், கூரை போனபடியால் பிந்திவிட்டது என்று சொல்லியிருக்கிறான். எந்தக் கூரை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம்.

அவனுக்கும் இவருக்கும் எப்போதும் கொழுவல்தான். ஒருநாள் கேட்டான்.

"அண்ணை, உங்கட சந்தியில மீன் விக்கலாமோ?"

"விக்கலாம். கத்தக் கூடாது."

"கத்தாமல் வித்தால் அது மீனே? மருந்து."

அவர் சிரிக்கவில்லை. அங்கியைச் சரிசெய்துகொண்டு போனார். அடுத்த நாள் மரியதாசின் பெட்டிக்கு ஒரு மூடி செய்துகொண்டு வந்து கொடுத்தார். நாற்றம் பிளாட்போமுக்கு வராமல் இருக்க என்றார். மரியதாஸ் அதைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறான். ஐஸ் கரையாதாம்.

எல்லாவற்றையும் விடப் பெரியது அவருடைய அறிவிப்பு. தகரத்தைச் சுருட்டி ஒரு குழல் செய்து வைத்திருந்தார். வண்டி பிந்தினால் அதை வாயில் வைப்பார். முதலில் ஜேர்மன். பிறகு தமிழ். "காலை வண்டி பதினொரு நிமிடம் தாமதம். மன்னித்துக்கொள்ளவும்." சொல்லி முடித்துத் தொப்பியைக் கழற்றுவார்.

முதல் தரம் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் வாங்கில் இருந்த ஒரு கிழவர் எழுந்து நின்றார். கண் தெரியாதவர். குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லை, தம்பி. நீங்கள் என்ன செய்வியள்" என்றார்.

அதற்குப் பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். வண்டி பிந்தியதற்கு எங்களிடம் அதற்கு முன் ஒருவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. வண்டி வராத வருடங்களுக்கும் கேட்டதில்லை.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. புதனும் சனியும் அநுராதபுரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். காலை வண்டியில் போய்ப் பின்னேர வண்டியில் வருவா. வண்டி இங்கே நின்றால்தான் முடியும். பஸ் என்றால் பெரிய தெருவுக்கு நடக்க வேண்டும். பிறகு இரண்டு இடத்தில் மாற வேண்டும். அவவால் நடக்க முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் கதை வந்தது. ஆட்கள் ஏறாத தரிப்பிடங்களில் இனி வண்டி நிற்காது. எங்களுடையதும் அந்தப் பட்டியலில். ஒரு அதிகாரி வந்து ஒருநாள் எண்ணுவார். புதன்கிழமை. அதன்பிறகு முடிவு.

எங்கள் இடத்தில் டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை. இறங்கும் இடத்தில்தான் எடுப்போம். அதனால் இங்கே எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஒரு கடதாசியிலும் இல்லை. கடதாசிப்படி இங்கே ஒருவரும் ஏறுவதில்லை. ஆடுகள்தான்.

ஜங்ஷன் அண்ணை அன்று சரித்திரத்தை நடுவில் தொடங்கினார். முதலும் கடைசியும் அன்றுதான். சந்தியில் இருந்து ஒரு கிளைப்பாதை போனது. செங்கல் தொழிற்சாலைக்குப் போகிற பாதை. ஆள் ஏறுவதில்லை என்று அதை மூட வந்தார்கள். வாசலில் இருந்து எண்ணினார்கள். தொழிற்சாலை ஆட்கள் வாசலால் வருவதே இல்லை. வேலியில் ஒரு ஓட்டை. அதால் புகுந்து பின்பக்கமாக ஏறுவார்கள். கிட்ட வழி. எண்ணினவர்களுக்கு வேலி தெரியாது. பாதையை மூடினார்கள். தண்டவாளத்தைக் கழற்றினார்கள். இப்போது அதில் சைக்கிள் ஓடுகிறார்களாம். அது போன பிறகு மற்றப் பாதைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஸ்டேஷன் கட்டடத்தை விற்றார்கள். காசு போட்டால் டிக்கெட் தருகிற பெட்டி ஒன்று மட்டும் நிற்கிறது.

"நீங்கள் அப்ப என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் கூட்டிக்கொண்டு நிண்டனான்" என்றார். "ஓட்டை எனக்குத் தெரியும். தினமும் அதடியில கூட்டிறனான். ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. பாசை அவ்வளவாய் வராது அப்ப."

தும்புத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை வைத்தார். வண்டி இல்லாமல். ஊரே வந்தது. எல்லாரையும் கோட்டுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தினார். கையில் பை, காலில் செருப்பு, ஒருவரையொருவர் இடிக்கக் கூடாது. வராத வண்டி வந்து நின்றது. ஒவ்வொருவராக ஏறினார்கள், காற்றில். எண்பது வயதுக்காரர் ஒருவர் இல்லாத படியில் காலைத் தூக்கி வைத்து ஏறினார். பிழையே இல்லை. ஜேர்மனியில்கூட இப்படிப் பார்க்கவில்லை என்றார் ஜங்ஷன் அண்ணை. மரியதாஸ் கத்தாமல் நின்றான்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். சிங்கள ஐயா. தமிழ் நன்றாகப் பேசுவார். ஜங்ஷன் அண்ணை வீட்டில் இருந்து கதிரை கொண்டுவந்து பிளாட்போமில் போட்டார். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரி அதில் இருந்தார். சனம் கோட்டுக்குப் பின்னால் நின்றது. நான் தடியை இறக்கிவிட்டு என் இடத்தில் நின்றேன்.

வண்டி நேரத்துக்கு வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிளாட்போமின் நீளம் இரண்டு பெட்டி. வண்டி அதைவிட நீளம். முன் இரண்டு பெட்டிதான் பிளாட்போமில் நிற்கும். அது எப்போதும் நிரம்பி இருக்கும். கடைசிப் பெட்டிகள் என் கடவையில் வந்து நிற்கும். அவை வெறுமை. தெரு அந்த இடத்தில் மேடு. தெருவில் நின்றே ஏறலாம். இருக்க இடம் வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் கடவைக்கு வந்து அங்கேதான் ஏறுவார்கள். தண்டவாளம் திரும்பப் போட்ட நாளில் இருந்து அப்படித்தான்.

ஒத்திகையில் வண்டி இல்லை. ஆகவே வெறும் பெட்டியும் இல்லை. இன்று வண்டி வந்தது. வெறும் பெட்டி பிளாட்போமுக்கு வராமல் பின்னால் நின்றது. யன்னலால் வெறும் இருக்கை தெரிந்தது.

கோட்டுக்குப் பின்னால் நின்ற சனம் அப்படியே திரும்பியது. பை, செருப்பு, பிள்ளை குட்டி எல்லாம் என் பக்கம் ஓடி வந்தது. ஒத்திகையில் பிழையில்லாமல் ஏறின எண்பது வயதுக்காரர்தான் முன்னுக்கு வந்தார்.

ஜங்ஷன் அண்ணை தகரக் குழலை எடுத்தார். கத்தினார். பதற்றத்தில் ஜேர்மன்தான் வந்தது. ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் நின்றிருக்க மாட்டார்கள்.

பிளாட்போமில் ஏறியது என் அக்கா. ஓட முடியாதவ. அவவின் பையைத் தூக்கிப் போன மரியதாஸ். கண் தெரியாத அந்தக் கிழவர். அதிகாரி எண்ணினார். படிவத்தில் எழுதினார். பேனையை மூடினார்.

மூன்று.

வண்டி கூவியது. ஜங்ஷன் அண்ணை பிளாட்போமில் இருந்து குதித்து, கல்லில் ஓடி வந்தார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"சிவப்பைக் காட்டு, தங்கச்சி."

ஒரு நிமிடப் பிந்தலுக்குத் தொப்பி கழற்றுகிறவர் இவர். இவர்தான் கேட்டார். காரணம் இல்லாமல் சிவப்பைக் காட்டினால் என் வேலை போகும். அது அவருக்கும் தெரியும். அதனால் ஒரு தரம்தான் கேட்டார். கொடியைப் பிடுங்கவும் இல்லை.

வண்டி நகரத் தொடங்கியது. கடைசிப் பெட்டியில் வண்டியின் கார்ட் நின்றார். பச்சையை இடக்கைக்கு மாற்றினேன். சிவப்பை விரித்தேன்.

வண்டி நின்றது.

கார்ட் என்னைப் பார்த்து என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன். ஜங்ஷன் அண்ணை அதற்குள் அதிகாரியிடம் போய்விட்டார். நான் தூரத்தில் நின்றேன். ஆனாலும் கேட்டது. அவருடைய குரல் குழல் இல்லாமலே கேட்கும்.

"ஐயா, நீங்கள் வாசலில இருந்து எண்ணினீங்கள். வாசலில இருந்து எண்ணினதால ஒரு பாதை செத்ததை நான் பாத்தனான். அண்டைக்கு வாய் திறக்கேல்லை. இண்டைக்குத் திறக்கிறன். தயவுசெய்து வந்து பாருங்கோ."

அதிகாரி அவரைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். கதிரையில் இருந்து எழுந்தார். மினுக்கின சப்பாத்தோடு கல்லில் நடந்து வந்தார். கடைசிப் பெட்டியில் ஏறினார். ஒவ்வொரு பெட்டியாகப் போனார். இந்த ஊரில் ஏறினவர் கையைத் தூக்குங்கோ என்று கேட்டார். எங்கள் சனம் இரண்டு கையையும் தூக்கியது. ஒரு கை போதும் என்று சொல்லித் திரும்ப எண்ணினார். அந்தப் பெட்டிகளில் நாற்பத்து மூன்று பேர்.

அவர் எண்ணி முடிக்கும்வரை ஜங்ஷன் அண்ணை பிளாட்போமில் நின்றார். தகரக் குழலை எடுத்தார். அன்று முழு வண்டியும் கேட்டது. தலைமன்னாரில் இருந்து வந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்கள்.

"காலை வண்டி ஒன்பது நிமிடம் தாமதம். காரணம் நான். மன்னித்துக்கொள்ளவும்."

தொப்பியைக் கழற்றினார். வண்டி போய் மறையும்வரை திரும்பப் போடவில்லை.

வண்டி இன்றைக்கும் இங்கே நிற்கிறது. அக்கா போய் வருகிறா. சனம் இன்றைக்கும் கடவையால்தான் ஏறுகிறது. கோடு வெள்ளையாக இருக்கிறது.

எனக்கு விசாரணை வந்தது. ஏன் வண்டியை மறித்தாய் என்று எழுத்தில் கேட்டார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஜங்ஷன் அண்ணை எழுதித் தந்தார். எட்டுப் பக்கம். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இருந்து தொடங்கியிருந்தார். என் பெயர் ஏழாம் பக்கத்தில்தான் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ரயில்வே கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். எண்ண வந்த அதே அதிகாரிதான் மேசையில் இருந்தார். எட்டுப் பக்கத்தையும் வாசித்திருந்தார். முகத்தில் தெரிந்தது. ஏன் மறித்தனீங்கள் என்றார். எண்ணாமல் விட்ட ஆட்கள் இருந்தவை என்றேன். இனிமேல் மறிக்கக் கூடாது என்றார். ஓம் என்றேன். வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு படிவம் நிரப்பினார். அன்று தரிப்பிடத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு கேள்வி. என்னைக் கேட்காமலே நாற்பத்தாறு என்று எழுதினார்.

"இன்னொராள் இருக்கு, ஐயா" என்றேன்.

"ஏறினது நாற்பத்தாறுதானே?"

"ஓம். ஏறினது நாற்பத்தாறு. ஏறாமல் ஒருத்தர் நிண்டவர்."

அவர் பேனையைத் திரும்பத் திறந்தார். பிறகு எழுதியதை வெட்டினார். மேலே எழுதினார்.

47.